தம்பி வீட்டில் பிள்ளை தவறிவிட்டது. போய் என்ன சொல்வது?

தம்பியின் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு 2017இல், 34ஆம் வாரத்தில் இது நடந்தது. நான் தகப்பன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

என்ன சொல்வது என்று மண்டையை உடைக்க வேண்டாம். என் மாமா ஒருவர் வந்தார், ஒரு மணித்தியாலம் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்ததை நான் மறக்கவே இல்லை. "சின்ன வயசுதானே, கெதியா அடுத்தது வரும்" என்றவர்களையும் மறக்கவில்லை, அது வேறு கதை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விசாரணை. பப்பாசிப்பழம் சாப்பிட்டாவா, கிரகணத்தன்று வெளியில் போனவவா, ஏன் கடைசிவரை ஓட்டோவில் வேலைக்குப் போனவ... நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாதது, பிரஷர், சீனி வருத்தம், கிருமித் தொற்று என்று காரணங்கள் பல. எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாமல் போவதும் உண்டு. எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு அன்ரி கேட்ட அன்னாசிப்பழக் கேள்வியை என் மனைவி ஒரு வருடம் சுமந்துகொண்டு திரிந்தா.

பெரியவர்கள் செத்தால் எங்கள் சனத்துக்கு எப்போது போய் நிற்க வேண்டும் என்று தெரியும். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஒரு வருடத்தில் ஆட்டைத் திவசம். பிறக்க முன்னமே போன பிள்ளைக்கு இது ஒன்றும் கிடையாது. பொரளைக் கனத்தை மயானத்தில் நான், மச்சான், இன்னும் இரண்டு பேர். அரை மணித்தியாலத்தில் புதைத்து முடிந்தது. மனைவி அப்போது வார்டில், பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, தனியாகப் படுத்திருந்தா. அந்த ஆஸ்பத்திரியில் வேறு இடம் இல்லையாம். "தாய்க்குக் காட்டவா?" என்று நேர்ஸ் என்னிடம் கேட்டபோது, "காட்டாதே, தாங்கமாட்டா" என்ற பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டேன். அவவிடம் கேட்டிருக்க வேண்டும். இன்றுவரை முகம் எப்படி இருந்தது என்று என்னிடம்தான் கேட்கிறா.

வீட்டிலும் அதே பிழை நடந்தது. அவ வருமுன் தொட்டில், சட்டைகள் எல்லாவற்றையும் நல்லெண்ணத்தில் யாரோ அப்புறப்படுத்திவிட்டார்கள். தம்பி வீட்டில் அவை இருந்தால், தம்பியின் மனைவி தானே சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, எங்களுக்கு யாரும் சொல்லித்தராதது: பால். மூன்றாம் நாள் அவவுக்கு நெஞ்சு கட்டிக் காய்ச்சல் மாதிரி வந்தது. பிள்ளை இல்லாவிட்டாலும் பால் சுரக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. துணியால் இறுக்கிக் கட்டுவதை இப்போது வைத்தியர்கள் விரும்புவதில்லை. பொருத்தமான உள்ளாடை, குளிர் ஒத்தடம், நோவு தாங்க முடியாவிட்டால் கொஞ்சமாகப் பிழிந்து விடுவது, தேவைப்பட்டால் டொக்டர் தரும் குளிசை. மாமியார் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு பார்த்தால், வேலூர் மருத்துவர்கள் அதை மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 1988இலேயே வெளிவந்திருக்கிறது, பூவும் ஏறக்குறைய மருந்தளவு வேலை செய்ததாம். சிவந்து, காய்ச்சல் விடாமல் இருந்தால் மட்டும் உடனே டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இனி நீங்கள் கையில் எடுக்கக்கூடிய வேலைகள். கிளினிக்குக்கும் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவுக்கும் (அரச மருத்துவிச்சி) நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "ஏன் கிளினிக் வரேல்லை" என்று போன் வரும். எங்களுக்கு வந்தது. விஷயம் தெரிந்தால் அந்த மாது வீட்டுக்கு வந்து தாயின் உடம்பைப் பார்ப்பார். தம்பியின் மனைவி கடை, அலுவலகச் சட்டத்துக்குள் வரும் தனியார் வேலையில் இருந்தால், பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டாலும் 42 நாள் பிரசவ லீவு உண்டு. அது தெரியாமல் இரண்டாம் கிழமையே வேலைக்குப் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். வேலையிடத்தில் பேசுவதைத் தம்பி தலையில் கட்டாமல் நீங்கள் செய்யலாம்.

தம்பியையும் பாருங்கள். என்னைக் கண்டவர்கள் எல்லாம் "மனிசி எப்பிடி?" என்றுதான் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், சரி. ஆனால் நானும்தானே அந்தச் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனவன். பின்னேரங்களில் ஒரு சிநேகிதன் வந்து கூட்டிக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் பம்பலப்பிட்டிப் பக்கமாக நடப்பான். கிரிக்கெட் கதைப்பான். பதினொன்றாம் நாளோ என்னவோ, அங்கே வைத்துத்தான் முதன்முதலாக அழுதேன். இருவரில் ஒருவர் கிழமைக் கணக்கில் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், இருந்து என்ன பிரயோசனம் என்று பேசினால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

முதல் இரண்டு கிழமை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போவதோடு, பிள்ளை பிறக்க இருந்த திகதியையும் கேட்டறிந்து உங்கள் போனில் குறித்து வையுங்கள். எங்களுக்கு அது தைப்பொங்கல் கழிந்த நாலாம் நாள். ஒருவருக்கும் நினைவிருக்காது என்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். காலையில் மச்சாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தா. ஏன் வந்தேன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மனைவி அன்று எட்டு இடியப்பம் சாப்பிட்டா.