ஒரு பெரிய கார்டா, இரண்டு சின்ன கார்டா?

கேள்வி: புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். பெரும்பாலும் கேம், அவ்வப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங் (அமைத்த காட்சியைப் படமாக்குவது). விலை கூடிய ஒரே கிராபிக்ஸ் கார்டுக்குப் பதில், அதே பணத்தில் 8 ஜிபி கார்டு இரண்டு வாங்கிப் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா? மெமரி 16 ஜிபி ஆகிவிடுமா?

பதில்: கேம்தான் முக்கியம் என்றால் ஒரே கார்டாக வாங்கிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 2004இல் என்விடியா, இரண்டு கார்டை இணைத்து ஒரே கேமை ஓட்டும் எஸ்எல்ஐ வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே போட்டிக் கம்பெனியான ஏடிஐ (பின்னாளில் ஏஎம்டி) கிராஸ்ஃபயர் என்ற அதே மாதிரி வசதியோடு வந்தது. பெரும்பாலும் இரண்டு கார்டும் ஃபிரேம்களை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை, மாறி மாறி வரையும். கணக்குப்படி வேகம் இரட்டிப்புதான். ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஒரு ஃபிரேம் 8 மில்லி செகண்டில் வருகிறது, அடுத்தது 25 மில்லி செகண்ட் எடுக்கிறது, மறுபடி 8, மறுபடி 25 என்று வையுங்கள். சராசரி எடுத்தால் நொடிக்கு 60 ஃபிரேம் என்று கவுண்டர் காட்டும். உங்கள் கண்ணோ அந்த 25ஐத்தான் பிடித்துக்கொள்ளும். 40 ஃபிரேமில் ஓடுவது போலத் திக்கித் திக்கித் தெரியும். இதைத்தான் மைக்ரோ ஸ்டட்டர் என்பார்கள்.

அப்புறம் கேம்களே மாறிவிட்டன. இப்போது படத்தின் படிக்கட்டு போன்ற விளிம்புகளை மழுப்புவதும், சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்றவையும் முந்தைய ஃபிரேமின் தகவலை வைத்துத்தான் வேலை செய்கின்றன. முந்தைய ஃபிரேம் பக்கத்துக் கார்டில் இருந்தால், அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். மாறி மாறி வரைவதன் லாபம் அதிலேயே கரைந்துவிடும். தன் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகளுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேம் இரண்டு கார்டில் ஓடுவதற்கான டிரைவர் அமைப்பு) கிடையாது என்று என்விடியா அறிவித்தது. 30 வரிசையில் 3090 ரகத்துக்கு மட்டும் இணைப்பு வசதி இருந்தது. 40 வரிசையில் அதுவும் போயிற்று. இன்று இரண்டு கார்டு போட்டால், ஏறக்குறைய எல்லாக் கேமிலும் இரண்டாவது சும்மா கிடக்கும்.

மெமரியும் கூடிவிடாது. கேமில் இரண்டு கார்டும் அதே டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) தனித்தனியாக வைத்துக்கொள்ளும் என்பதால், எஸ்எல்ஐ காலத்திலும் 8ம் 8ம் சேர்ந்து 8தான்.

பிளெண்டர் கதையே வேறு. அதில் உள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டரிங் எஞ்சினில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது சுலபம். எந்த இணைப்பும் இல்லாமலே இரண்டு கார்டும் சேர்ந்து உழைக்கும், நேரம் பாதிக்குப் பக்கத்தில் குறையும். ஆனால் முழு சீனும் (ரெண்டர் செய்யும் காட்சி) ஒவ்வொரு கார்டிலும் அடங்க வேண்டும். 10 ஜிபி கேட்கும் சீனுக்கு இரண்டு 8 ஜிபி கார்டைவிட ஒரு 16 ஜிபி கார்டு எவ்வளவோ மேல். இரண்டு கார்டின் மெமரி உண்மையிலேயே கூடிப் பயன்படுவது ஏஐ மொழி மாடல்களை வீட்டில் ஓட்டும்போதுதான். அங்கே மாடலின் அடுக்குகளைப் பிரித்து வைக்கலாம். அப்போதும் ஒரு கார்டு முடித்த பிறகே மற்றது தொடங்கும். பெரிய மாடல் உள்ளே அடங்குமே தவிர, வேகம் இரட்டிப்பாகாது.

இரண்டு கார்டு என்றால் கூடவே வரும் செலவையும் பாருங்கள். பல மதர்போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்கத்தான் முழுசு, உள்ளே எக்ஸ்4 வேகம்தான், அதாவது முழு ஸ்லாட்டின் 16 பாதைகளில் நான்கு மட்டும். ரெண்டரிங்குக்கு அது பெரிய குறையில்லை. மின்சாரமும் சூடும்தான் தொல்லை. நெருக்கமாக மாட்டினால் மேல் கார்டு கீழ் கார்டின் சூட்டையே இழுக்கும், சத்தமும் கூடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 16 ஜிபி மெமரி உள்ள ஒரே கார்டு வாங்குவேன். பவர் சப்ளையை மட்டும் கொஞ்சம் தாராளமாக எடுப்பேன், இரண்டு ஸ்லாட்டுக்கும் நல்ல இடைவெளி உள்ள போர்டாகப் பார்ப்பேன். நாளைக்கு ரெண்டரிங் வேலை கூடினால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அது அதே மாடலாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் என்விடியாவோடு என்விடியா, ஏஎம்டியோடு ஏஎம்டி என்று ஒரே கம்பெனியாக இருக்கட்டும். கலந்து போட்டால் சைக்கிள்ஸ் இரண்டையும் சேர்த்து ஓட்டாது.