வீக்கமா, தொற்றா?

கேள்வி: மூட்டு மாற்று அறுவை நடந்த அப்பாவின் முழங்காலில் வீக்கம். கிருமியா, வெறும் அழற்சியா என்று ஸ்கேனில் பிடிபடவில்லையாம். பெப்டைடு, நானோ துகள் என்று ஏதோ படித்தேன், அது உதவுமா?

பதில்: பல ஸ்கேன்களுக்கு இதுதான் சிக்கல், வீக்கம் எதனால் வந்தாலும் ஒரே மாதிரிதான் ஒளிரும். கிருமியைக் கொல்ல நம் உடம்பே சுரக்கும் குட்டிப் புரதத் துண்டுகள்தான் இந்த பெப்டைடுகள் (தவளைத் தோலிலும் உண்டு, 1987இல் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற ஆய்வாளர் அதை வெளியிட்டார்). இவற்றுக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேல்சவ்வுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் நம் செல்களைவிட அங்கேதான் அதிகம் போய் ஒட்டும். யுபிக்யூசிடின் என்ற பெப்டைடின் ஒரு துண்டோடு கதிரியக்க டெக்னீசியத்தை (பெப்டைடு போய் ஒட்டிய இடத்தை ஸ்கேனில் காட்டிக்கொடுக்கும் உலோகம்) இணைத்து நோயாளிகளிடமே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், இது எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம்.

சரி, நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகள்) எதற்கு? தனியாகப் போகும் பெப்டைடை ரத்தத்தில் உள்ள நொதிகள் சீக்கிரம் வெட்டிவிடும். தங்கத்திலோ இரும்பு ஆக்சைடிலோ ஆன துகளில் கோத்துவிட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், இரும்பு என்றால் எம்ஆர்ஐயிலும் தெரியும். ஆனால் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பெப்டைடும் துகளும் சேர்ந்த இந்தக் கூட்டணி பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்திலும் எலிகளிலும்தான். அப்பாவுக்கு இப்போதைக்கு மூட்டு நீரை ஊசியில் எடுத்து கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு முன் நீங்களாக ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடாதீர்கள், முடிவு குழம்பும்.