செடி முதலில், மீன் அப்புறம்

கேள்வி: போன மாதம் 2 அடி கண்ணாடித் தொட்டி வாங்கி, கிராவல் போட்டு, செடிகளை நட்டு, அன்று மாலையே 10 கப்பி மீன் விட்டேன். ஒரே வாரத்தில் ஏழு செத்துவிட்டன. கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகிவிட்டன. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் செடி வளராது என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது போன்ற செடிகளுக்கு சிலிண்டர் தேவையே இல்லை. கிரிப்டோகோரைனைப் பிடுங்கி எறிந்துவிடவில்லையே? பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள், அதனால் அந்த இலைகள் தண்ணீருக்குள் போனதும் தாக்குப்பிடிக்காமல் கரைந்துவிடும். கூழானதை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து சுருட்டிய ஒரு சின்ன இலை எட்டிப் பார்க்கும், அதுதான் தண்ணீருக்குள்ளேயே பிறந்த இலை, அது கரையாது. என் முதல் தொட்டியில் அந்த ஒரு இலைக்காக தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

மீன் செத்ததற்குக் காரணம் வேறு. உங்கள் தொட்டி ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 56 லிட்டர்தான். மீனின் கழிவும் மிச்ச தீனியும் அம்மோனியாவாக மாறும், அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும், புதுத் தொட்டியில் அது இருக்கவே இருக்காது. மிச்சமிருக்கும் மூன்று கப்பிக்கும் தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிட்டிகை அளவு போடுங்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குழாய் தண்ணீரில் குளோரின் முறிக்கும் மருந்து கலந்த பிறகே ஊற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

விளக்கு இப்போதைக்கு 6 மணி நேரம் போதும், ஒரு டைமர் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். இதில் செடி வருமா?
– வாசகர், சேலம்

தாராளமாக வரும். நாடா மாதிரி நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியா செடிக்கு உப்புக் கடினமான தண்ணீர் பிடிக்கும், வேர் பிடித்துவிட்டால் மண்ணுக்கடியில் கொடி ஓடி தானாகவே பின்பக்கத்தை நிரப்பிவிடும். நடும்போது வேர் மட்டும் உள்ளே போகட்டும், இலை கிளம்பும் வெள்ளைப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வாங்கினால் மண்ணில் நடவே கூடாது. செடி வரும் சின்னக் கிண்ணத்தில் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை முழுக்கப் பிய்த்துவிட்டு, கிழங்கை ஒரு கருங்கல்லோடு கறுப்புப் பருத்தி நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். நூல் இற்றுப் போவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: வெட்டிய செடிகளை ஊர் ஏரியில் போடலாமா?
– வாசகர், மதுரை

தயவுசெய்து போடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்த சக்கர் மீன் இன்று நம் ஏரிகளில் பெருகி வலைகளில் சிக்குகிறது, செடியும் அப்படியே பரவும். வெயிலில் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரும் அங்கேயே போகட்டும், ரோஜாவுக்கு அது நல்ல உரம்.