மரணச் சீட்டு வந்தது... வேலையை விடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருடங்களாக வேலை பார்க்கிறேன். வயது 36. மூன்று வருடங்களாக மாலை நேரத்தில் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். அதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி, வீடியோவில் பார்த்தபடி 10 சீட்டு போட்டேன். கடைசி இடத்தில் மரணச் சீட்டு! பயந்துபோய்க் கலைத்துவிட்டு மறுபடி போட்டேன், ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது முறை, இடி விழும் கோபுரம் வந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. வேலையை விடாதே என்று சீட்டு சொல்கிறதா? இதை எப்படித்தான் போட்டுப் பார்ப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சீட்டு அப்படி எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு நடக்கப்போவது எந்தச் சீட்டுக்கும் தெரியாது. நிம்மதியாகத் தூங்குங்கள். நாளைக் காலையில் அந்த மரணச் சீட்டை மட்டும் கட்டிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள்.

கருப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரையில் வருகிறது. குதிரைக்குக் கீழே ஒரு ராஜா விழுந்து கிடக்கிறார். பாதிரியார் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். இளம்பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் இருக்கும் சின்னக் குழந்தை மட்டும் பயமில்லாமல் நிமிர்ந்து பார்க்கிறது. இதுவரை எல்லோரும் கவனித்திருப்பார்கள். இனி எலும்புக்கூட்டின் கையிலுள்ள கொடியைப் பாருங்கள்: கருப்புத் துணியில் ஒரு வெள்ளை ரோஜா. அதே வெள்ளை ரோஜாவை முதல் சீட்டான 'ஃபூல்' கையில் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். தூரத்தில் ஓர் ஆறு, அதில் ஒரு படகு, இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே சூரியன். கட்டிலுள்ள 78 சீட்டில் 'பெரிய சீட்டுகள்' 0 முதல் 21 வரை 22; மற்ற 56-ம் கோல், கோப்பை, வாள், காசு என்ற நான்கு வகைச் சிறிய சீட்டுகள். பெரிய சீட்டுகளில் மரணம் 13. அதற்குப் பிறகு இன்னும் எட்டுச் சீட்டு இருக்கிறது. ஒன்று முடிகிறது, வழி முடியவில்லை என்பதுதான் அந்தப் படம். 11 வருட வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கும் ஒருவர் கையில் அது வந்தால் அதில் மிரள என்ன இருக்கிறது?

கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். அதனால் ஒரு கணக்கும் சொல்கிறேன். 78 சீட்டில் 10 எடுக்கும்போது மரணம், கோபுரம் இரண்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய 24 சதவீதம் வாய்ப்பு உண்டு. மூன்று முறை போட்டால் அது 56 சதவீதம். ஒரே ராத்திரியில் மூன்று தடவை போட்டவருக்கு இந்தப் 'பயங்கர' சீட்டுகளில் ஒன்று வருவதைவிட, வராமல் போவதுதான் அரிது. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். சாமி குத்தம் ஒன்றுமில்லை. பிடிக்காத சீட்டு எப்படியும் வந்து சேரும், மனசு அதை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் போட்ட 10 சீட்டு முறைக்குக் கெல்டிக் கிராஸ் என்று பெயர். அனுபவம் உள்ளவர்களுக்கு நல்ல முறைதான். ஆனால் அதில் 'நம்பிக்கையும் பயமும்' என்று இரண்டுக்கும் சேர்த்து ஓர் இடம், 'வரப்போவது' என்று கடைசியில் ஓர் இடம். புதிதாகத் தொடங்குபவர் நேராக அந்தக் கடைசிச் சீட்டுக்குத் தாவி, மற்ற ஒன்பதையும் மறந்துவிடுவார். உங்களுக்கு நடந்தது அதுதான். ஐந்து சீட்டு போதும்.

அதற்கு முன்னால் கேள்வியை மாற்ற வேண்டும். 'விடலாமா, வேண்டாமா?' என்பதற்கு நம் ஊரில் பூப்போட்டுப் பார்ப்பது இருக்கிறது. சன்னிதியில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னால் முடிந்தது. டாரட்டில் இருப்பது 78 படங்கள். எதிலும் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுதியிருக்கவில்லை. அதனிடம் போய் ஆமா இல்லையா என்று கேட்டால், நாம் ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் பதிலையே படத்தில் படித்துக்கொள்வோம். நல்ல கேள்வியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: 'நான்' இருக்க வேண்டும், 'என்ன' அல்லது 'எப்படி' இருக்க வேண்டும், ஒரு காலக்கெடு இருக்க வேண்டும். உங்களுக்கு நான் எழுதித் தரும் கேள்வி: 'ஆரி வேலையை முழுநேரமாக்குவது பற்றி முடிவெடுக்க, வரும் மூன்று மாதத்தில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?' இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 'வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா?' என்பது சீட்டுக்கான கேள்வியே இல்லை. அதை அவரிடமே கேளுங்கள்.

கலைப்பதில்தான் புதியவர்கள் நிறையப் பேர் தவறுகிறார்கள். புதுக்கட்டு வரிசையாக அடுக்கப்பட்டுத்தான் வரும்: பெரிய சீட்டுகள் ஒரு பக்கம், கோப்பை முழுவதும் ஒன்றாக, வாள் முழுவதும் ஒன்றாக. நான்கைந்து முறை வெட்டி வைத்தால் அந்த வரிசை கலையாது. கோப்பை ஆறு, கோப்பை ஏழு, கோப்பை எட்டு என்று அடுத்தடுத்து வரும்போது, ஏதோ பெரிய செய்தி என்று எண்ணிக்கொள்வோம். சாதாரண 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலைய, இரண்டு பாதியையும் விரலால் விசிறிக் கோத்துக் கலைக்கும் முறையில் ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். உங்கள் கட்டில் இருப்பது 78. சீட்டும் பெரியது, அப்படிக் கலைத்தால் மடங்கிவிடும். தரையில் பருத்தித் துணி விரித்து, எல்லாச் சீட்டையும் குப்புறப் பரப்பி, மாவு பிசைவதுபோல் இரண்டு கையாலும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றிச் சுற்றிக் கலையுங்கள். பிறகு அள்ளி அடுக்கி, மூன்று தடவை வெட்டி வையுங்கள். ஃபேன் காற்றை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இப்படிக் கலைத்தால் சில சீட்டு தலைகீழாகும். தலைகீழுக்குத் தனி அர்த்தம் பார்ப்பதா வேண்டாமா என்பதைக் கலைப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். போட்ட பிறகு தீர்மானித்தால், பிடிக்காத சீட்டைத் திருப்பி வைத்துக்கொள்ளத் தோன்றும். முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பேன். தலைகீழாக வந்தால் நேராக்கிவிட்டுப் படியுங்கள். 78 படத்தையும் நேராகப் பார்த்துப் பழகுவதே பெரிய வேலை.

ஐந்து இடங்கள் இவை. நடுவில் ஒன்று: நான் இப்போது இருக்கும் நிலை. அதற்கு இடப்பக்கம் இரண்டாவது: என்னைப் பிடித்து வைத்திருப்பது. கீழே மூன்றாவது: என்னிடம் ஏற்கெனவே இருந்தும் நான் மதிக்காதது. மேலே நான்காவது: இந்த வழி என்னிடம் கேட்கும் விலை. வலப்பக்கம் ஐந்தாவது: அடுத்த ஒரே ஒரு அடி. 'முடிவு' என்று ஓர் இடமே இதில் இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. ஐந்தையும் குப்புற வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். ஒன்றைத் திருப்பி, எழுதி முடித்த பிறகே அடுத்தது.

திருப்பியதும் கையேட்டுக்கு ஓடாதீர்கள். 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டுதான் இன்று பெரும்பாலான கட்டுகளுக்குத் தாய். அதற்குத் திட்டம் தந்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், 78 படங்களையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் சிறிய சீட்டுகள் நம் ரம்மிச் சீட்டுபோல் வெறும் எண்ணிக்கைதான்: ஐந்து கோப்பை, ஏழு வாள், அவ்வளவே. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது பிறந்ததே சீட்டாட்டத்துக்காகத்தான். ஸ்மித் அந்தச் சிறிய சீட்டுகளிலும் ஆட்களை, வானத்தை, தண்ணீரை வரைந்து ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். அந்தக் காட்சியைப் பார்க்காமல் கையேட்டில் 'இழப்பு, பேராசை' என்று இரண்டு வார்த்தை படிப்பது, அவர் செய்த வேலையில் பாதியைத் தூக்கிப் போடுவதற்குச் சமம்.

ஆகவே முதலில் பார்ப்பதை எழுதுங்கள்: யார், என்ன செய்கிறார், கை எங்கே, கால் எங்கே, வானம் என்ன நிறம். பிறகுதான் அர்த்தம். கோல் என்றால் முயற்சி, வேகம். கோப்பை என்றால் உணர்வு, உறவு. வாள் என்றால் யோசனை, பேச்சு, சச்சரவு. காசு என்றால் பணம், உடம்பு, கைத்தொழில். எண் ஏறஏற விஷயம் முற்றுகிறது. ஒன்றில் முளை, பத்தில் சுமை. இவ்வளவு தெரிந்தாலே ஆரம்பிக்கப் போதும்.

ஒரு மாதிரி பார்ப்போம். உங்களுக்கு இப்படி விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: கோப்பை நான்கு, காசு நான்கு, காசு மூன்று, கோல் பத்து, காசு பேஜ்.

கோப்பை நான்கில் ஓர் இளைஞன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். எதிரே மூன்று கோப்பை. மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. நடு இடத்தில் இது வந்தால், அலுப்பு எதன்மேல் என்று கேளுங்கள். வேலையின்மேலா, அங்கே இருக்கும் ஆட்கள்மேலா, தினசரி பஸ் பயணத்தின்மேலா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

காசு நான்கைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவன் ஒரு காசை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான், ஒன்று தலைமேல், இரண்டு பாதங்களுக்கு அடியில். கையேடு 'கஞ்சத்தனம்' என்று சொல்லும். படம் வேறொன்றைச் சொல்கிறது: அந்தக் காசுகளை விடாமல் அவனால் எழுந்திருக்க முடியாது. பின்னால் ஒரு முழு ஊர் இருக்கிறது, அவன் அதற்கு முதுகைக் காட்டியபடி இருக்கிறான். 'என்னைப் பிடித்து வைத்திருப்பது' என்ற இடத்தில் இது மாதச் சம்பளம், பி.எஃப்., வீட்டுக்கடன் தவணை. இதே சீட்டு மூன்றாவது இடத்தில் விழுந்திருந்தால், 'உன் கையில் சேமிப்பு இருக்கிறது, அதை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை' என்று படிப்பேன். ஐந்தாவது இடத்தில் என்றால், 'முதலில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கு' என்று ஆகும். படம் ஒன்றுதான், இடம்தான் அதைப் பேச வைக்கிறது. சீட்டுக்கு அர்த்தம் மனப்பாடம் செய்துவிட்டு இடத்தை மறப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

காசு மூன்றில் ஒரு கைவினைஞர் தேவாலயத்தில் வேலை செய்கிறார். இரண்டு பேர் வரைபடத்தோடு வந்து அவரோடு கலந்து பேசுகிறார்கள். உங்கள் வேலையை மதித்துத் திரும்பத் திரும்ப வருபவர்கள் யார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். கோல் பத்தில் ஒருவர் பத்துக் கோலையும் வாரி அணைத்துத் தூக்கிப் போகிறார், முகமே அதில் புதைந்திருக்கிறது. இது விலை: முகூர்த்த மாதங்களில் ஆர்டர் குவிந்து, கழுத்தும் கண்ணும் போகும் என்பது உங்களுக்கே தெரியும். கடைசியாகக் காசு பேஜ். இளையவர் ஒருவர் ஒரே ஒரு காசைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து உற்றுப் பார்க்கிறார். பேஜ் என்றால் கற்பவர். அடுத்த அடி ராஜினாமாக் கடிதம் அல்ல, ஒரு ரவிக்கையை உற்றுப் பார்ப்பது. நூல், மணி, ஜர்தோசி, கரண்ட் எல்லாவற்றுக்கும் ஆன செலவைக் கழித்து, போன மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணிக்கு உங்களுக்கு என்ன நிற்கிறது? மூன்று மாதம், ஒவ்வொரு ரவிக்கைக்கும் இதை எழுதுங்கள்.

இந்த மாதிரியில் பெரிய சீட்டு ஒன்றுகூட இல்லை. அதனால் பலன் குறைவு என்று எண்ண வேண்டாம். ஐந்து சீட்டில் ஒன்றுமே பெரியதாக வராமல் போக 18 சதவீதம் வாய்ப்பு உண்டு. நான்கோ ஐந்தோ பெரியதாக வருவதுதான் அபூர்வம், நூற்றுக்கு இரண்டு.

இன்னொன்று. மரணச் சீட்டு வந்ததாகச் சொன்னால், 'தோஷம் இருக்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும்' என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். டாரட்டில் பரிகாரம் என்று ஒன்று கிடையாது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உடம்பு, கோர்ட் வழக்கு, கடன் போன்ற விஷயங்களுக்கு டாக்டர், வக்கீல், வங்கி என்று உரியவர்களிடம் போங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

போட்டு முடித்ததும் ஐந்தையும் ஒரு போட்டோ எடுத்து, எழுதியதற்குக் கீழே ஒரு செயல், ஒரு தேதி போடுங்கள். கட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். மூன்று மாதக் கணக்கு கையில் வந்த அன்று, வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டைத் திறந்து, சீட்டுக்கு முன்னால் அந்தக் கணக்கைப் படியுங்கள். அதற்குப் பிறகும் கேள்வி பாக்கி இருந்தால் மறுபடி ஐந்து சீட்டு போடலாம்.