"ஏதாவது ஒரு வேலைக்குப் போனால் போதும் சார்"

அம்மா, உங்கள் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாகியும் வேலை இல்லை, ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து மதியம்தான் எழுந்திருக்கிறார், "சோம்பேறி ஆயிட்டான் சார்" என்று போனில் வருத்தப்பட்டீர்கள். எனக்கு அது சோம்பலாகத் தெரியவில்லை.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு சிற்றூர். 1930 வாக்கில் அங்கிருந்த ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் போய்ப் பார்த்தார்கள். பொழுது கொட்டிக் கிடந்தும் ஆண்களுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கட்டணத்தை நீக்கிய பிறகும் நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவது குறைந்துபோனது. பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். மணி பார்த்து என்ன ஆகப்போகிறது? வேலை சம்பளத்தோடு எழுந்திருக்க ஒரு நேரத்தையும், பேச நாலு பேரையும், கல்யாண வீட்டில் "என்ன பண்ற?" என்றால் சொல்ல ஒரு பதிலையும் தருகிறது. இவையெல்லாம் சேர்ந்து போகும்போது தூக்கமும் பசியும் கெடத்தான் செய்யும்.

சரி, உங்கள் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வேலைக்கு வருவோம். கான்ட்ராக்ட், 12 மணி நேர ஷிப்ட், வாரம் ஆறு நாள். கணக்குப் போட்டால் 72 மணி நேரம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லியிருக்கின்றன. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2011-இல், ஆஸ்திரேலியாவில் 7,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில், நிரந்தரம் இல்லாத, சுமை அதிகமான, எதையும் தானே தீர்மானிக்க முடியாத வேலைக்குப் போனவர்களின் மனநிலை, வேலையில்லாமல் இருந்தவர்களைவிடவும் மோசமாகியிருந்தது. எனக்கும் முதலில் நம்ப முடியவில்லை.

அதற்காக அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சில விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். வேலை ஆர்டரை யார் தருவார்கள், கம்பெனியா ஏஜென்சியா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்பார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. வரவேண்டும், உங்களுக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். நைட் ஷிப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும்? முக்கியமாக, அங்கே ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

பதில்கள் சரியில்லை என்றால், பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது. ஒரு வருடம், உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல தொழிற்பயிற்சி வாரியத்தில் விசாரிக்கலாம். சம்பளம் குறைவுதான். ஆனால் காலையில் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்ப ஓர் இடம் இருக்கும்.

இன்னொன்று. சாப்பிடாமல் இருக்கிறார், "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசுகிறார் என்றால் வேலைப் பேச்சை நிறுத்திவிடுங்கள். 14416-க்கு போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனையே எனக்கு போன் பண்ணச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம் அம்மா, தப்பாக நினைக்காதீர்கள்.