டெராஃபார்மில் ஒரு மாட்யூலின் தகவலை இன்னொரு மாட்யூலுக்கு எப்படிக் கொடுப்பது?

டெராஃபார்ம் என்பது சர்வர், நெட்வொர்க் போன்றவற்றைக் கோட் எழுதி உருவாக்கும் கருவி. அதில் மாட்யூல் என்பது திரும்பத் திரும்பப் பயன்படுத்த எழுதிவைத்த கான்ஃபிகரேஷன் தொகுப்பு. அது வெளியே சொல்வது அவுட்புட், வெளியிலிருந்து கேட்டு வாங்குவது வேரியபிள். இந்த இரண்டு வாசல்களைத் தவிர வேறு வழி கிடையாது.

வேளச்சேரியில் வீடு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். போர் போடுபவர் வேலையை முடித்து ஆழத்தைச் சொன்னால்தான் எத்தனை ஹெச்பி மோட்டார் என்று பிளம்பர் முடிவு செய்வார். இருவரும் நேரில் பேசுவதில்லை. வீட்டுக்காரர்தான் அந்த எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். டெராஃபார்மில் அந்த வீட்டுக்காரர் ரூட் மாட்யூல், அதாவது மற்ற மாட்யூல்களை அழைக்கும் மேல்நிலைக் கான்ஃபிகரேஷன்.

நெட்வொர்க் மாட்யூல், சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) ஐடியை அவுட்புட்டாக அறிவிக்க வேண்டும். சர்வர் மாட்யூல் அதற்கு ஒரு வேரியபிள் வைத்திருக்க வேண்டும். ரூட்டில் சர்வர் மாட்யூலை அழைக்கும் இடத்தில், அந்த வேரியபிளுக்கு நேராக 'மாட்யூல்.நெட்வொர்க்.சப்நெட்_ஐடி' என்று எழுதினால் போதும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? சர்வர் மாட்யூலுக்கு நெட்வொர்க்கின் உள்விவரம் தெரியாமல் இருப்பதே நல்லது. அப்போதுதான் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷ்யூரின் சென்னை ரீஜனுக்கு எழுதியதை, வேறு சப்நெட் கொடுத்துப் புனே ரீஜனிலும் ஓட்ட முடியும். அந்த ஒரு வரியைப் பார்த்தே எதை முதலில் உருவாக்குவது என்றும் டெராஃபார்ம் புரிந்துகொள்கிறது. இதற்காக, எதற்குப் பிறகு எது என்று சொல்லும் 'டிபெண்ட்ஸ்_ஆன்' தனியாகப் போடத் தேவையில்லை. தேவையின்றிப் போட்டால், என்ன மாறும் என்று முன்கூட்டிக் காட்டும் பிளானில் பல மதிப்புகள் 'அப்ளைக்குப் பிறகே தெரியும்' என்று நின்றுவிடும்.

இரண்டு மாட்யூலிலும் ஒரே பெயரில் வேரியபிள் இருந்தால் மதிப்பு தானாகவே போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது, ரூட்டில் நீங்கள்தான் இணைத்துக் கொடுக்க வேண்டும்.