வாப்பா எழுதிய பாசமலர்

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

எனக்குச் சொந்த ஊர் தொண்டி. பத்தொன்பது வருடமாகத் துபாய் தேராவில் இருக்கிறேன். ஐரோப்பாவில் முப்பது ஆண்டுகளாக வாழும் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் இரண்டு புத்தகங்களை மச்சான் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தார். ஒன்று பழைய நடிகர் நடிகைகளைப் பற்றியது. இன்னொன்று அவர் வாழும் நகரத்தைப் பற்றியது. நீங்களும் படித்திருப்பீர்கள். இரண்டில் எது உருப்படியான வேலை காக்கா? எனக்கென்னவோ சினிமாக்காரர்களைப் பற்றி எழுதுவது வெட்டி வேலையாகத் தெரிகிறது. அதுவும் கோடம்பாக்கம் பக்கமே இல்லாத ஒருவர் எப்படி எழுதலாம்? விலையும் அதிகம், எழுத்துப் பிழையும் அதிகம். நகரப் புத்தகம் பிடித்தது. நமக்கெல்லாம் அப்படி எழுத ஒன்றும் இல்லை. வேலை, ரூம், தூக்கம், அவ்வளவுதான். துஆச் செய்யுங்கள்.

*

வ அலைக்கும் ஸலாம் தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அந்த இரண்டு புத்தகங்களும் என் மேசையில்தான் இருந்தன. படித்து முடித்து நாலைந்து நாளாகியும் அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. ஏதோ ஒரு குறை தொண்டையில் முள்ளாக நின்றது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் அது என்னவென்று பிடிபட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

விலை, எழுத்துப் பிழை பற்றியெல்லாம் பதிப்பாளருக்கு எழுதுங்கள். தூரத்தில் இருப்பவர் சினிமாவைப் பற்றி எப்படி எழுதலாம் என்ற கேள்விக்கும் நான் அதிக நேரம் தரப்போவதில்லை. எம்.ஜி.ஆர். முகம் காட்டிய முதல் படம் 1936இல் வந்த சதி லீலாவதி. அதை எடுத்த எல்லிஸ் டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். எம்.ஜி.ஆர். பிறந்ததே இலங்கையில். சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். பாலு மகேந்திரா மட்டக்களப்புக்காரர். தமிழ் சினிமா என்றைக்கும் கோடம்பாக்கத்துக்குள் மட்டும் இருந்ததில்லை.

அந்தச் சினிமாப் புத்தகத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது வேறு வருத்தம். எந்தப் படம், எந்த ஆண்டு, யார் இயக்கம், யார் இசை, எத்தனை நாள் ஓடியது என்று பக்கம் பக்கமாகத் தந்திருக்கிறார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துச் சேர்த்துவைத்துவிட்டுப் போன விவரங்கள் அவை. அவற்றைத் திரும்பச் சொல்ல இவர் எதற்கு? இவர் அந்தப் படங்களை எங்கே உட்கார்ந்து பார்த்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், பார்த்துவிட்டு எந்தத் தெரு வழியாக நடந்து போனார், அன்று இரவு தூங்கினாரா என்பது ஒரு வரி கூட இல்லை.

சரி, நகரப் புத்தகத்திலாவது இருக்குமா என்று பார்த்தேன். ரயில், பாலம், அருங்காட்சியகம், பனி. நடுவில் ஓரிடத்தில், இரவு வேலை முடிந்து அறைக்கு வந்து சாவித்திரி நடித்த படத்தின் பாட்டைப் போட்டுவிட்டுச் சோறு வடித்ததாக ஒரே ஒரு வாக்கியம். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் அவர் மறுபடியும் ரயிலேறிப் போய்விட்டார்! அந்த வாக்கியத்திலிருந்து ஒரு புத்தகம் பிறந்திருக்க வேண்டும் தம்பி. சினிமாவைத் தனியாகவும் நகரத்தைத் தனியாகவும் பிரித்து எழுதியதில் இரண்டிலிருந்தும் உயிர் போய்விட்டது. எது உருப்படியான வேலை என்று நீங்கள் கேட்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அவை இரண்டு புத்தகங்களே அல்ல.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

என் வாப்பா சபராளி, பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூருக்குப் போனவர். சேஞ்ச் ஆலியில் நம்மவர் ஒருவரின் பணமாற்றுக் கடையில் கையாள். கடைக்கு மேலேயே படுக்கை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரான கீழக்கரைக்கு வருவார். அவருக்கு அங்கே இருந்த ஒரே ஆறுதல் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படம்.

உம்மா ஒருநாளும் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் தெருப் பெண்கள் யாரும் போவதில்லை. ஆனால் பாட்டு மட்டும் வீட்டுக்குள் வந்தது. 1952இல் டெல்லியில் இருந்தவர்கள் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார்கள். மற்ற ஊர்களுக்கு அது நஷ்டமாக இருக்கலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் முப்பது கிலோமீட்டர்தானே? எங்கள் கரையில் இலங்கை வானொலி அடுத்த வீட்டில் பாடுவதுபோலக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலை உம்மா தன் கூடப்பிறந்த காக்காவின் குரலைப்போல அடையாளம் சொல்வார். ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனீபா பாவமன்னிப்பு படத்தில் டி.எம்.எஸ்ஸுடன் சேர்ந்து பாடியபோது, சினிமாப் பாட்டென்றால் முகம் சுளிக்கும் வாப்பாவின் உம்மாகூட வானொலிப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

பாட்டு தெரியும், கதை தெரியாது. அதற்குத்தான் வாப்பாவின் கடிதம்.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஓதப் பள்ளியில் படித்த அரபு எழுத்துதான் தெரியும். அந்தக் காலத்து எங்கள் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். ஆகவே வாப்பா அரபுத்தமிழில் எழுதுவார். எழுத்து அரபு, மொழி தமிழ். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிச் செய்த எழுத்துகள் உண்டு. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் மார்க்க நூல்களை எழுதியது அந்த எழுத்தில்தான். அதே எழுத்தில் என் வாப்பா சிவாஜியும் சாவித்திரியும் நடித்த படங்களின் கதையை ஏர்மெயில் நீலத்தாளில் எழுதினார். முதல் பத்து வரி நலம், பணம், பிள்ளைகளின் ஓதல். அப்புறம் கதை. தாள் தீரும்போது கதை நின்றுவிடும். மீதி அடுத்த கடிதத்தில், ஒரு மாதம் கழித்து.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். உம்மா வாசிப்பார். கதையின் நடுவே மழை பெய்தால், அன்று சிங்கப்பூரில் தான் நனைந்து போனதையும் வாப்பா அங்கேயே எழுதியிருப்பார். கதாநாயகிக்குப் பசி என்றால், தான் அன்று சாப்பிட்ட பரோட்டாவின் விலை வரும். எது படம், எது சிங்கப்பூர் என்று பிரிக்க முடியாது. எங்கள் தெருப் பெண்களுக்குச் சிங்கப்பூர் என்ற ஊர் அப்படித்தான் தெரியவந்தது.

பாசமலர் 1961இல் வந்தது. அந்தக் கதைக்கு வாப்பா மூன்று கடிதம் செலவழித்தார். அண்ணனும் தங்கையும் பட்ட பாட்டைக் கேட்டு முற்றமே அழுதது. கடைசியில் அண்ணன் தங்கையைக் கண்டு சேர்ந்தான், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று முடித்திருந்தார்.

மூன்று வருடம் கழித்து, 1964 டிசம்பர் 22 இரவு, புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது ராமேஸ்வரத்தில் இருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்தபோது உம்மா ஓடு பறந்த அடுப்படியில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி, "ராதா பத்திரமா இருக்குதா?" ராதா என்பது பாசமலரில் சாவித்திரியின் பெயர். உம்மாவுக்கு அவர் நடிகை இல்லை. வாப்பாவின் கடிதத்தில் கஷ்டப்பட்டு, பிழைத்து, அண்ணனோடு சேர்ந்த பெண்.

எண்பதுகளின் நடுவில் என் மாமா மகன் துபாயிலிருந்து வரும்போது வீடியோ டெக்கும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டும் கொண்டுவந்தான். அதில் பாசமலர் இருந்தது. வாப்பா அதற்குள் ஊரோடு வந்து தங்கிவிட்டார். இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படம் அதுதான். கடைசிக் காட்சியில் அண்ணனும் இறந்து தங்கையும் இறந்தபோது உம்மா அழவில்லை. திரும்பி வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க இப்படி எழுதலையே" என்றார்.

வாப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கடுதாசியில மவுத்துச் செய்தி எழுத மனசு வரலை."

சபராளி வீட்டில் வளர்ந்த உங்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன். தபால்காரர் வந்தாலே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற காலம் அது. மாதத்துக்கு ஒன்றாக வரும் கடிதத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. அதில் சினிமாவில் வரும் சாவைக்கூட அனுப்ப அவருக்குத் துணிவில்லை. கடைக்கு மேல்மாடியில், மற்றவர்கள் தூங்கிய பிறகு, விளக்கைக் குறைத்துவைத்துக்கொண்டு, பீம்சிங் எடுத்த படத்தின் முடிவை மாற்றி எழுதியிருக்கிறார்.

இதை வெட்டி வேலை என்று சொல்வீர்களா? இது சினிமாவைப் பற்றிய எழுத்தா, வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிய எழுத்தா? சொல்லுங்கள்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். "வேலை, ரூம், தூக்கம், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தம்பி எழுத மனம் வந்தது? பத்தொன்பது வருடத்தை மூன்று சொல்லில் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். அந்த எழுத்தாளர் தன் அறையை ஒரு வாக்கியத்தில் முடித்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த ஒரு வாக்கியத்தைக்கூடத் தரமாட்டேன் என்கிறீர்கள். உங்கள் ரூமில் எத்தனை பேர்? அடுக்குக் கட்டிலில் மேலே யார், கீழே யார்? புதிதாக வந்தவனுக்கு மேல்கட்டில் என்ற சட்டத்தை யார் போட்டது? சமையல் முறை யாருக்கு என்றைக்கு? யாருடைய மீன் குழம்புக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்? விளக்கணைத்த பிறகு ஒவ்வொரு போர்வைக்குள்ளும் ஒரு போன் எரியுமே, அதில் என்ன படம் ஓடுகிறது? யார் ஒருவன் ஒரே பாட்டைத் தினமும் கேட்கிறான்? அவனுக்கு என்ன ஆயிற்று? அப்ரா படகில் ஒரு திர்ஹம் கொடுத்துத் துபாய் ஓடையைத் தாண்டும்போது உங்களுக்கு எந்தப் பாட்டு வாயில் வரும்? மெட்ரோ ஓடத் தொடங்கியது 2009இல். நீங்கள் அதற்கு முன்பே போய்விட்டீர்கள். வெயிலில் அந்தத் தூண்களை நட்டவர்களில் நம் ஜில்லாக்காரர் ஒருவரையாவது தெரியாமலா இருக்கும்?

இதெல்லாம் எழுத்தாகாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கட்டடத்தின் உயரம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் ரூமை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும். நீங்கள் எழுதாவிட்டால் அது போய்விடும். எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உம்மா மவுத்தானபோது நான் மதுரையில் இருந்தேன். ஏழாம் பாத்திஹா முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் தகரப்பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே கட்டுக் கட்டாக அரபு எழுத்தில் தாள்கள். படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஓதும் ஏடுகள் என்று எண்ணி, காலில் மிதிபடக் கூடாதே என்று, வெள்ளைத் துணியில் சுற்றி, தோணியில் கொண்டுபோய் ஆழக்கடலில் இறக்கிவிட்டார்கள். மரியாதையோடுதான் செய்தார்கள். யார்மீதும் எனக்குக் குறையில்லை. இருபத்தைந்து வருடச் சிங்கப்பூரும், வாப்பா பார்த்த அத்தனை படங்களும் அப்படியே மன்னார் வளைகுடாவுக்குள் போயின. அந்தப் பெட்டி வீட்டில் இருந்த காலத்தில் நான் ஒரு கடிதத்தையாவது தமிழில் பெயர்த்து வைத்திருக்கலாம். சினிமாக் கதைதானே என்று இருந்துவிட்டேன். உங்களைத் திட்டும்போது என் இளமையையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

ஒரே ஒரு கடிதம் தப்பியது. உம்மா ஓதும் கிதாபுக்குள் இருந்தது. பாசமலரின் இரண்டாவது கடிதம். கல்யாணம் வரைக்கும் வந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்: "தாள் தீர்ந்தது. மீதி அடுத்ததில், இன்ஷா அல்லாஹ்."

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் தொண்டியிலிருந்து ஒரு நாள் கீழக்கரைக்கு வாருங்கள், காட்டுகிறேன். வரும்போது உங்கள் ரூமைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி எடுத்து வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. கடிதத்தில் இருக்கும் பாதிக் கதையை வாசித்துவிட்டு மீதியை நான் வாயால் சொல்கிறேன், வாப்பா எழுதிய முடிவோடு.